நூற்று எண்பத்தோராம் நாள்

எங்கள் பக்கம் கோர்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவரிடம் "தீர்ப்பு என்னாச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. "வாய்தா எப்ப?" என்றுதான் கேட்பார்கள். தீர்ப்பு வரலாம், வராமலும் போகலாம். வாய்தா நிச்சயம் உண்டு.

இந்தச் சொல் உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. அங்கே அதற்குப் பொருள் வாக்குறுதி. இன்ன தேதியில் தருகிறேன், இன்ன தேதியில் வந்து நிற்கிறேன் என்று ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் சொல். நம்மிடம் வந்த பிறகு அது தலைகீழாகிவிட்டது. இன்று 'வாய்தா வாங்குகிறான்' என்றால் இழுத்தடிக்கிறான் என்று பொருள். கொடுத்த சொல், காலப்போக்கில், சொல்லிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிட்டது.

இது எப்படி நடந்தது என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். எனக்கு இதற்குள் இருக்கும் அறக்கேள்விதான் முக்கியம். ஒரு விசாரணைக்குக் கெடு வைத்த பிறகு அந்தக் கெடு யாருக்குச் சொந்தம்? அதை நீட்டிக்கும் உரிமை யாருக்கு? நீட்டிப்பவர் யாரிடம் கேட்டு நீட்டிக்க வேண்டும்? எல்லா விசாரணைகளுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மருத்துவர் மீது வரும் புகார். உடலும் நேரமும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கும் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

*

எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, பட்டாசுக்குள் செலுத்துவதும் மருந்து. இரண்டுக்குமே நேரம் முக்கியம். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்பது வெடி ஆபீஸ் வேலையில் பாலபாடம். அந்த நேரக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 17 அன்று இந்தக் காவல் நிலைய எல்லைக்குள், ரெங்கபாளையத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

விபத்து நடந்தால் ஊரில் முதலில் கேட்பது, "எத்தனை பர்சன்ட்?" உடம்பில் எத்தனை சதவீதம் வெந்தது என்பது கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அந்த எண்ணின் பொருள் தெரியும். மருத்துவர்களுக்கு இதோடு இன்னொரு எண்ணும் வேண்டும்: எத்தனை மணிக்கு? தீக்காயத்துக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதற்கு 'பார்க்லாண்ட்' என்றொரு கணக்கு உண்டு. உடல் எடையையும் வெந்த சதவீதத்தையும் நான்கால் பெருக்கி, முதல் 24 மணி நேரத்துக்கான மில்லி லிட்டரைக் கண்டுபிடிப்பார்கள். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். கவனிக்க வேண்டியது, அந்த 8 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பது. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம், சிவகாசியிலிருந்து மதுரைக்கு இன்னொன்றரை மணி நேரம் என்று போய்விட்டால், அந்த இரண்டரை மணி நேரமும் நோயாளியின் கணக்கில் ஏற்கெனவே ஓடிவிட்டது. டாக்டரின் கையில் மிச்சமிருப்பது ஐந்தரைதான்.

கடிகாரம் காயம்பட்டவரின் உடம்பில் ஓடுகிறது என்பதை மருத்துவம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த மருத்துவத்தைப் பற்றிய விசாரணை இதை ஒப்புக்கொண்டிருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

சிகிச்சையில் தவறு நடந்தது என்று ஒரு குடும்பம் நினைத்தால் அதற்குப் பல வாசல்கள் உண்டு. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு, நலப்பணிகள் இணை இயக்குநர், போலீஸ், நுகர்வோர் ஆணையம். ஆனால் மருத்துவர் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை நீக்கவோ நிறுத்திவைக்கவோ அதிகாரம் உள்ள வாசல் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அமைப்பு. சிவகாசியில் சாயங்காலம் பொதிகை ஏறினால் விடியும்போது சென்னை. ஒரு விசாரணைக்கு ஆஜராக இரண்டு நாள் சம்பளம் போகும்.

கவுன்சிலுக்குக் கெடு இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 8.4 என்றொரு பிரிவு, புகார் மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. 2004-இல் இன்னும் இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. 8.7-இன்படி, மாநிலக் கவுன்சில் ஆறு மாதத்தில் தீர்க்கவில்லை, அதற்குத் தகுந்த காரணமும் இல்லை என்று தெரிந்தால், மத்தியக் கவுன்சில் அதைத் துரிதப்படுத்தலாம். அல்லது புகாரைத் தன்னிடமே எடுத்துக்கொள்ளலாம். 8.8-இன்படி, மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்டவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நாள் தவறினால், போதிய காரணம் காட்டினால் மட்டும், இன்னொரு 60 நாள்.

பிறகு மத்தியக் கவுன்சில் போய் 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023 ஆகஸ்ட் 2-இல் அது புதிய நடத்தை விதிகளை வெளியிட்டு, அதே மாதம் 23-இல் நிறுத்திவைத்தது. 2002 விதிகளே மீண்டும் அமலுக்கு வந்தன.

இந்தப் பிரிவுகளை அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. புகார் கொடுத்தவர் 61-ஆம் நாள் வந்தால், ஏன் தாமதம் என்று காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் போதுமா போதாதா என்று எதிரே உட்கார்ந்திருப்பவர் தீர்மானிப்பார். கவுன்சில் 181-ஆம் நாளைத் தாண்டும்போது, காத்திருப்பவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றுகூட இந்தப் பிரிவுகளில் இல்லை. கெடு முடிந்தது என்று காத்திருப்பவரே கண்டுபிடித்து, டெல்லிக்கு எழுதி, அங்கே ஒருவர் 'தகுந்த காரணம் இல்லை' என்று நம்பினால்தான் ஏதாவது நகரும்.

இதை வெடி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது: "ஆறு மாசம்னு எழுதியிருக்காக, சரி தம்பி. அது யாரு கணக்குல ஆறு மாசம்? அங்க உக்காந்திருக்கவுக கணக்குலயா, இங்க படுத்துக் கெடக்கவ கணக்குலயா?"

*

நேரம் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் தரப்பின் நியாயத்தை முழுதாகக் கேட்க வேண்டும். ஒரு புகாரை விசாரிக்க நோயாளியின் கேஸ் ஷீட் வேண்டும், ஆய்வக முடிவுகள் வேண்டும், அதே துறையில் தேர்ந்த, ஆனால் சம்பந்தப்படாத ஒருவரின் கருத்து வேண்டும். இறப்பு நடந்திருந்தால் உடற்கூறாய்வு அறிக்கை வேண்டும். பிறகு மருத்துவரின் விளக்கம். இதில் எதைக் குறைத்தாலும் தீர்ப்பு பிழைக்கும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 2022 நவம்பரில் சென்னையில் ஓர் இளம் கால்பந்து வீராங்கனை, அரசு மருத்துவமனையில் நடந்த கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்தபோது, ஊரே கொதித்தது. இரண்டு மருத்துவர்கள் உடனடியாகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அந்தப் பெண்ணின் சாவு எளிதில் கடந்துபோகக் கூடியதல்ல. ஆனால் கோபத்தின் வேகத்தில் நடக்கும் நடவடிக்கை, முறையில் எங்கே ஓட்டை என்ற கேள்வியை மூடிவிடவும் கூடும். இரண்டு பேரை வெளியே அனுப்பினால் கூட்டம் கலைந்துவிடும். ஓட்டை அங்கேயே இருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2018 டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தனக்குத் தொற்று இருப்பது தெரியாது. 2016-இல் அவர் கொடுத்த ரத்தத்திலேயே அது தெரியவந்திருந்தது. தகவல்தான் அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் விஷயம் தெரிந்ததும், தான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடக் கூடாதே என்று அவரே ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ரத்த வங்கி ஊழியர்கள் மீது சில நாட்களிலேயே நடவடிக்கை வந்தது. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இந்த நிகழ்வில் எத்தனை கடிகாரங்கள் ஓடின என்று பாருங்கள். ஒரு தகவல் இரண்டு ஆண்டு யார் மேஜையிலோ கிடந்தது. அதற்குக் கெடு இல்லை. தண்டிக்கச் சில நாள் போதுமாக இருந்தது. யாரிடமும் அவகாசம் கேட்காமல், தெரிந்த உடனே வாயைத் திறந்தவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் எந்தப் பொறுப்பும் கிடையாது, எந்த விதியும் கிடையாது.

*

இழுத்தடிப்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு டிசம்பர் 5 அன்று இறந்தார். அதை விசாரிக்க 2017 செப்டம்பரில் நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் அமைத்தார்கள். கெடு மூன்று மாதம். அறிக்கை வந்தது 2022 ஆகஸ்டில். இடையில் பத்துக்கும் மேற்பட்ட முறை நீட்டிப்பு. "இன்னொரு மூணு மாசம்" என்பது தமிழ்நாட்டில் நகைச்சுவையாகிவிட்டது.

ஆனால் அந்த ஐந்து ஆண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிகிச்சை சரியா என்று மருத்துவர் அல்லாத ஒருவர் முடிவு செய்ய முடியாது, மருத்துவக் குழு வேண்டும் என்று மருத்துவமனை வாதாடியது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விசாரணையை நிறுத்திவைத்தது. 2021 நவம்பரில்தான் எய்ம்ஸ் மருத்துவர் குழு அமைக்க உத்தரவானது. அந்தக் குழு, சிகிச்சை முறையாகவே நடந்தது என்றது. ஆணையம் தன் அறிக்கையில், ஆஞ்சியோ ஏன் செய்யவில்லை என்பது உள்பட வேறு கேள்விகளை எழுப்பியது. ஆக இரண்டரை ஆண்டுத் தாமதத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது கோர்ட்டில் பொதுவில் சொல்லப்பட்டது. மற்ற நீட்டிப்புகளுக்கு ஓர் அரசாணை இருந்தது. இந்த இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தாமதம் நடுநிலையானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 'லேட்டானா என்ன, நியாயம் கிடைச்சா சரி.' அப்படி இல்லை. அரசு மருத்துவர் ஒருவர் மீது 17(பி) மெமோ நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நிற்கும். ஓய்வு பெறும் நாளன்று பணியிடை நீக்கம் செய்வது இங்கே ஒரு காலத்தில் சாதாரணம். பணம் வராது, பெயரும் மீளாது. தவறே செய்யாத மருத்துவருக்கு இந்தக் காத்திருப்புதான் தண்டனை. டெல்லியில் ஒரு நீதிமன்ற ஊழியர் ஒன்பது ஆண்டுக்கு மேல் பணியிடை நீக்கத்தில் இருந்த வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் துறை விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்கப் பாருங்கள், ஓராண்டைத் தாண்டாதீர்கள் என்றது.

தவறு செய்தவருக்கோ அதே தாமதம் கவசம். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியப் பொறியாளர் ஒருவர் மீது 1990-இல் நடந்ததற்கு 2000-இல் குற்றச்சாட்டு மெமோ கொடுத்தார்கள். பத்தாண்டுத் தாமதத்துக்கு விளக்கம் இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்த மெமோவையே ரத்து செய்தது. அவர் தவறு செய்தாரா இல்லையா என்பது அதோடு முடிந்தது. இனி யாருக்கும் தெரியாது, அவர் நிரபராதி என்றால் அவருக்கும் அதை நிரூபிக்க வழியில்லை.

காத்திருப்பு நிரபராதியைத் தண்டிக்கிறது, குற்றவாளியைக் காப்பாற்றுகிறது, புகார் கொடுத்தவரைக் களைத்துப் போகச் செய்கிறது. இதில் எதையும் இழக்காத ஒரே தரப்பு, விசாரிக்கும் அமைப்பு. ஒரு கோப்புக்கு வயதாவதால் அலமாரிக்கு வலிப்பதில்லை.

*

அப்படியானால் கெடுவைக் கடுமையாக்கிவிடலாமா? நாள் முடிந்தால் புகார் செத்தது என்று?

சில நாடுகள் அந்தத் திசையில் போயிருக்கின்றன. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலில், நடந்து ஐந்து ஆண்டு தாண்டிய விஷயத்தைப் பொதுநலன் கருதினால் ஒழிய எடுத்துக்கொள்வதில்லை என்று ஒரு விதி இருந்துவருகிறது. கலிபோர்னியாவில் மருத்துவ வாரியத்துக்குத் தெரியவந்து மூன்று ஆண்டு, அல்லது நடந்து ஏழு ஆண்டு, இரண்டில் முந்தியதற்குள் குற்றச்சாட்டைப் பதிய வேண்டும், விதிவிலக்குகள் உண்டு. நினைவு மங்கும், சாட்சி இறப்பார், பழைய சிகிச்சையை இன்றைய அறிவை வைத்து எடைபோடுவது அநியாயம் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அவை பொய்யல்ல.

ஆனால் எம். புதுப்பட்டியில் இருந்து பார்த்தால் இது வேறு மாதிரி தெரியும். இங்கே ஒருவருக்குத் தனக்கு நடந்தது தவறு என்று தெரியவே பல ஆண்டாகும். கேஸ் ஷீட் இங்கிலீஷில் இருக்கும். கேட்டு வாங்கலாம் என்பது தெரியாது. "பெரிய டாக்டரு, அவுகளுக்குத் தெரியாதா" என்ற நம்பிக்கை ஒரு பக்கம், நாளைக்கு மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும் என்ற பயம் ஒரு பக்கம். கடுமையான கெடு படித்தவனுக்குக் கதவு, படிக்காதவனுக்குச் சுவர். அதோடு, விசாரிப்பவர் சோம்பியதற்குப் புகார் கொடுத்தவர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

ஆகவே நீட்டிப்பு வேண்டும். கேள்வி, அதை யாரிடம் கேட்பது என்பதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் கடன் வாங்கியவர் குறித்த நாளில் கட்ட முடியாவிட்டால் என்ன செய்வார்? கொடுத்தவர் வீட்டு வாசலுக்குப் போவார். துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, தீவாளி போனஸ் வந்துரட்டும், ஐப்பசியில ரெண்டு தவணையா குடுத்துருதேன்" என்பார். அதில் மூன்று விஷயம் இருக்கிறது. பாக்கி யாருக்கோ அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். காரணம் சொல்கிறார். புது நாள் குறிக்கிறார். அண்ணாச்சி திட்டலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அப்படிக் கேட்டதால்தான் அது வாய்தா, அதாவது சொல். கடன் வாங்கியவன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, 'எனக்கு நானே ஆறு மாதம் அவகாசம் கொடுத்துக்கொண்டேன்' என்று நோட்டில் எழுதி வைத்தால் அதற்கு ஊரில் வேறு பெயர்.

விசாரணை அமைப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளைப் போல நடந்துகொள்கின்றன. அவர்கள் கடன்பட்டிருப்பது காத்திருக்கும் இரண்டு பேரிடம்: புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளான மருத்துவர். நீட்டிப்பை அவர்களிடம் கேட்பதில்லை. அரசு ஆணையத்துக்குக் கொடுக்கிறது, அல்லது கவுன்சில் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறது. ஆறுமுகசாமி ஆணையத்தில் நான் சொன்ன வேறுபாடு இதுதான். கோர்ட் தடை என்பது எதிர்த்தரப்பு நின்று வாதாடக் கூடிய இடத்தில் சொல்லப்பட்ட காரணம். மற்ற நீட்டிப்புகளில் காத்திருந்தவருக்குப் பேச இடமே இல்லை.

*

இதற்கு ஒரு மாற்று, தமிழர்கள் நிறைய வாழும் இடத்திலேயே நடைமுறையில் இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம். ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் ஒருவர் தன் மருத்துவர் மீது புகார் கொடுத்தால், 150 நாளில் அதைத் தீர்க்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். தீரவில்லை என்றால் புகார் கொடுத்தவருக்குக் கடிதம் போக வேண்டும்: முடியவில்லை, இன்ன தேதிக்குள் முடிப்போம் என்று. அந்தத் தேதி 60 நாளைத் தாண்டக் கூடாது. அதுவும் தவறினால், இம்முறை புகார் கொடுத்தவருக்கும் மருத்துவருக்கும், மேலே உள்ள மறுஆய்வு வாரியத்துக்கும், தாமதத்தின் காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும். புதுத் தேதி 30 நாளுக்கு மிகாமல். இருவரில் யார் வேண்டுமானாலும் வாரியத்திடம் முறையிடலாம். வாரியம் அந்தக் காரணங்களை எடைபோட்டு, தானே விசாரணையை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

அங்கே எல்லாம் வேகமாக முடிகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த விதியின் மதிப்பு வேகத்தில் இல்லை. காத்திருப்பவர்களை முகவரி உள்ளவர்களாக அது நடத்துகிறது. காரணத்தை எழுத வேண்டும் என்று வந்துவிட்டால், 'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் எழுதக் கை கூசும். கூசாவிட்டாலும், பொய்யென்று காட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.

இங்கே காற்று வேறு திசையில் அடித்தது. பழைய 8.8 பிரிவு, முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்றது. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, மேல்முறையீட்டைப் பற்றிப் பேசும்போது, பாதிக்கப்பட்ட மருத்துவரை மட்டுமே குறிப்பிடுகிறது. நோயாளியோ அவர் குடும்பமோ அந்த வாக்கியத்தில் இல்லை. ஒரு சொல் மாறியதில், பாக்கிக்கு உரியவர் பட்டியலில் இருந்தே ஒருவர் விடுபட்டுவிட்டார். யாருக்குக் கடன் என்பதே தெளிவில்லாதபோது அவகாசம் யாரிடம் கேட்பது?

மருத்துவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் சொல்லிக் கேட்கும் நீட்டிப்பு அவர்களுக்கும் அதே அளவு பாதுகாப்பு. 'என் மீதான புகார் ஏன் இரண்டு ஆண்டாகக் கிடக்கிறது' என்று கேட்கும் உரிமை நல்ல மருத்துவருக்குத்தான் அதிகம் தேவை. இரு தரப்பும் ஒரே திண்ணையில் காத்திருக்கிறார்கள். ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டால் மற்றவருக்குக் கதவு சீக்கிரம் திறந்துவிடாது.

கவுன்சிலில் ஆள் போதாது, பொய்ப் புகார் நிறைய என்று சொல்வார்கள். இருக்கலாம். அதைக்கூட எழுதலாமே? 'உங்கள் புகாரைப் பார்க்க வேண்டிய நிபுணர் கிடைக்கவில்லை; மூன்று பேரைக் கேட்டோம்; நாலாவது ஆளைக் கேட்டிருக்கிறோம்; பங்குனி முடிவதற்குள் சொல்கிறோம்.' அரைப் பக்கம். தமிழில். இரண்டு பேருக்கும் ஒரே வாசகம். இதற்குப் புதுச் சட்டமோ கட்டடமோ வேண்டாம், ஒரு தபால் தலை போதும். 181-ஆம் நாள் காலையில் அந்தக் கடிதம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்கும் ஒரு மருத்துவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால், முடிவு என்னவாக இருந்தாலும், வாய்தா என்ற சொல்லுக்கு அதன் பழைய பொருளில் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கும்.